வெயிலரின் ஆனிப் பொங்கல்

சூரியனுக்கு மொன்றியலில் ஒரே ஒரு சொந்தக்காரர்தான் இருந்தார். அவர் செயின்ட்-மிஷேலில், எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், எனக்கு நேர் மேலே குடியிருந்தார். மற்றவர்கள் வெயில் வந்தால் அனுபவிப்பார்கள், வராவிட்டால் திட்டுவார்கள். இவர் வெயில் வராவிட்டால் வெட்கப்படுவார். கலியாண வீட்டுக்குச் சொந்தத் தமையன் வராமல் விட்டதுபோல முகத்தை வைத்துக்கொண்டு, "நேற்று நல்லா நிண்டவர் தம்பி, இண்டைக்கு என்னவோ காணேல்லை" என்று சூரியனுக்காக எங்களிடம் மன்னிப்புக் கேட்பார்.

தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். எங்களுக்கு அவர் வெயிலர். முகத்துக்கு நேரேயும் அப்படித்தான் கூப்பிடுவோம், அவருக்கும் அதில் பெருமை. வேலையைக்கூடப் பெயருக்குப் பொருத்தமாகவே தேடிக்கொண்டார். மொன்றியல் தீவின் மேற்குத் தொங்கலில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், பயிர்ச்செய்கை படிப்பிக்கிற இடமொன்றின் கண்ணாடி வீடுகளுக்குள் தக்காளிக்குத் தண்ணீர் விடுவதும் இலை கிள்ளுவதும் அவர் வேலை. தை மாதத்தில் நாங்கள் மூன்று சட்டை போட்டும் நடுங்கிக்கொண்டிருக்க, அவர் அதற்குள் பெனியனோடு வியர்த்துக்கொண்டு நிற்பார். போய்ச்சேர மெத்ரோவும் எடுத்து பஸ்ஸும் மாறவேண்டும். "சம்பளம் குறைவுதான் தம்பி, ஆனா சூடு சும்மா" என்பார்.

அவருடைய மனைவி பூரணம் அக்கா. வெயிலர் ஆடிய கூத்தெல்லாம் அந்த ஒரு மனுசிக்காகத்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவரை விசரன் என்று நினைத்துவிடுவீர்கள். கோடையில் அக்கா நல்ல கதைகாரி. வெளி இரும்புப் படியில் இருந்து முருங்கைக்காய் சீவத் தொடங்கினால் மூன்று மாடிக்கும் கேட்கும். ஆனால் குளிர்காலம் வந்து நாலரை மணிக்கே இருட்டத் தொடங்கியதும் அவருடைய பேச்சும் குறையும். முதலில் கதை நிற்கும். பிறகு "ஓம்", "இல்லை" மட்டும். மார்கழியில் அதுவும் போய் வெறும் "ம்". யன்னலடியில் இருந்து தெருவைப் பார்த்தபடி இருப்பார்.

அது கோபமில்லை, வெளிச்சம் போதாததால் வருகிற நோய் என்று டொக்டர் சொன்னார். வெளிச்சப் பெட்டி ஒன்றை வாங்கி, காலையில் அதன் முன்னால் கொஞ்ச நேரம் இருக்கச் சொன்னார். வெயிலர் அந்தப் பெட்டியைக் கொண்டுபோய்ச் சாமித் தட்டில் முருகனுக்குப் பக்கத்தில் வைத்துத் திருநீறு பூசி, செவ்வரத்தம்பூ கிடைக்காததால் பிளாஸ்டிக் பூவும் வைத்தார். அக்கா அதை ஒருதரம் பார்த்தார்.

"ஊரிலை சும்மா கிடக்கிற வெயிலை இங்கை வயர் செருகியோ பார்க்கவேணும்?"

அந்தக் குளிர்காலத்தில் அவர் பேசிய கடைசி முழு வசனம் அதுதான்.

அந்த வருடத் தைப்பொங்கலைக் கட்டடத்தில் இருந்த யாரும் மறக்க மாட்டார்கள். வெளியே மைனஸ் இருபத்தைந்து. வெயிலர் குசினியில் கோலம் போட்டு, மின்சார அடுப்பில் பானை வைத்து, பால் பொங்கி நாலு பக்கமும் வழியும்வரை பக்தியோடு பார்த்துக்கொண்டு நின்றார். பால் அடுப்புச் சுருளில் விழுந்து கருகியது. புகை அலாரம் கத்தியது. ஒரு வீட்டு அலாரம் கத்தினால் எங்கள் கட்டடத்தில் எல்லா வீடும் கத்தும். இத்தாலிக்கார வீட்டுக்காரர் உட்பட அத்தனை பேரும் போர்வையோடு வெளிப்படியில் நிற்க, தீயணைப்பு வண்டி வந்தது. கோடரியோடு ஓடி வந்த பெரிய மீசைக்காரரை வெயிலர் வாசலில் மறித்து, கடதாசித் தட்டில் பொங்கலைக் கொடுத்தார். அந்த மனிதரும் நின்ற நிலையில் சாப்பிட்டுவிட்டு "மெர்சி" சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. காலில் சப்பாத்துக்கூட இல்லை.

அன்று பின்னேரம் வெயிலர் என் வீட்டுக் கதவைத் தட்டினார். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். இல்லை, ஆராய்ச்சி முடிவு சொல்ல வந்திருந்தார்.

"தம்பி, பிழை அடுப்பிலை இல்லை. ஆள் வீட்டிலை இல்லாத நேரம் போய் விருந்து வைக்கிறம். அதுதான் பிழை."

"ஆர் ஆள்?"

"சூரியன்தான். இங்கை தையிலை அவர் எங்கை நிக்கிறார்? எட்டு மணிக்கு வந்து எட்டிப் பார்த்திட்டு ஓடுறார். இனி எங்கடை பொங்கல் ஆனியிலை. வருசத்திலையே பகல் கூடின அந்த நாளிலை."

இதை அவர் கோயில் ஐயரிடமும் போய்ச் சொன்னார். என் வானில்தான் போனார். சமோசாவும் ரோல்ஸும் கடைகளுக்குப் போடுவதற்காக ஒரு பழைய வான் வைத்திருந்தேன். கட்டடத்தில் வான் வைத்திருந்த ஒரே தமிழன் நான் என்பதால் வெயிலரின் எல்லாப் பைத்தியத்துக்கும் சாரதியும் நான்தான். ஐயர் பொறுமையாக விளக்கினார்: தையில்தான் சூரியன் வடக்கு நோக்கித் திரும்புகிறார், அதனால்தான் அன்று பொங்குகிறோம்.

"அது சரி ஐயா" என்றார் வெயிலர். "தையிலை வடக்கைப் பார்த்து வெளிக்கிடுகிறார். வெளிக்கிட்டவர் மொன்றியலுக்கு வந்துசேர ஆறு மாசம் எடுக்குது. ஊரிலையிருந்து உங்கடை மச்சான் வந்தா, நீங்கள் அவர் கொழும்பிலை பிளேன் ஏறேக்கையோ சோறு போடுவியள், இங்கை வந்து இறங்கேக்கையோ?"

ஐயர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். "உங்கடை மச்சான், உங்கடை சோறு" என்று சொல்லிவிட்டு ஐயர் உள்ளே போய்விட்டார். வெயிலர் அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டார்.

அந்த ஆனியில், நீளப்பகல் நாளன்று, கட்டடத்துக்குப் பின்னால் இருக்கிற குறுகலான ஒழுங்கையில் மூன்று கல் வைத்து, பழைய மேசைக்கால் விறகோடு பொங்கல் தொடங்கியது. சூரியன் வடிவாக வந்து நின்றார். அவருக்குப் பின்னால் தீயணைப்பு வண்டியும் வந்து நின்றது. நகரத்துக்குள் திறந்த இடத்தில் நெருப்பு மூட்டக்கூடாதாம். இறங்கியவர் அதே மீசைக்காரர்.

"ஆங்கோர் வூ, மிஸ்யூ?" மறுபடியும் நீங்களா என்று அவர் கேட்ட விதத்தில் கோபம் குறைவாகவும் பசி கூடவாகவும் இருந்தது. நெருப்பை அணைத்தார்கள். பொங்கல் பாதி வெந்திருந்தது. அதையும் ஒரு தட்டு வாங்கிக்கொண்டுதான் போனார்கள்.

இதுவரை சிரிக்கலாம். அடுத்த குளிர்காலம் சிரிக்கிற மாதிரி இருக்கவில்லை. பூரணம் அக்கா புரட்டாசியிலேயே பேச்சை நிறுத்திவிட்டார். பங்குனியில் பனி உருகத் தொடங்கியபோது வாய் திறந்து சொன்னது ஒரே விஷயம்: "ஆடியிலை ஊருக்குப் போறன். இனி ஒரு பனிக்காலம் என்னாலை ஏலாது." அப்போது ஊரில் சண்டை நின்று, ஊருக்குப் போகிற பாதை திறந்திருந்த காலம். சனம் போய் வந்துகொண்டிருந்தது. அக்கா போவதற்கு மட்டும் டிக்கெட் எடுக்கச் சொன்னார், வருவதற்கு வேண்டாம் என்றார்.

வெயிலர் இதை என்னிடம் சொன்னது வானுக்குள் இருந்துதான். சொல்லிவிட்டுக் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார்.

"நானும் கூடப் போகலாம் தம்பி. ஆனா என்னாலை அங்கை இருக்க ஏலாது, எங்கடை வீடு இருந்த இடத்திலை வீடில்லை. அவவாலை இங்கை இருக்க ஏலாது. நான் என்ன செய்யிறது?" அவர் அழுதார். நான் ஒரு ரோல்ஸை எடுத்துக் கையில் கொடுத்தேன். சாப்பிட்டுக்கொண்டே அழுதார்.

ஆனால் வெயிலரால் ஒரு கிழமைக்கு மேல் சும்மா இருக்க முடியாது. கண்ணாடி வீட்டில் அவரோடு வேலை செய்த கிஸ்லேன் என்ற கியூபெக்காரி, நரைத்த பின்னலோடு, கொஞ்ச நிலமும் சில கோழிகளும் வைத்திருந்தவள். அவளிடம் தன் கவலையைச் சொல்லியிருக்கிறார். அவள் பதிலுக்குத் தன் வழிபாட்டைச் சொல்லியிருக்கிறாள். அடுத்த நாள் வெயிலர் இரண்டு இரண்டு படியாக என் வீட்டுக்கு இறங்கி வந்தார்.

"தம்பி, இங்கையும் எங்கடை மாதிரி ஆக்கள் இருக்கினம். சேர்ச்சுக்குப் போற வேதக்காரர் இல்லை, அந்த வேதம் வாறதுக்கு முந்தின வழிபாடு உள்ள ஆக்கள். நீளப்பகல் அண்டைக்குத் திடலிலை நெருப்பு மூட்டிச் சூரியனைக் கும்பிடுகினம். அங்கை தோட்டக்காணி, அனுமதியும் எடுத்திருக்கினம், பொலிஸும் வராது, மீசையும் வராது."

"ஏன் கும்பிடுகினமாம்?"

"அடுத்த நாளிலை இருந்து பகல் குறையத் தொடங்குமெல்லோ? சூரியன் சோர்ந்து போவார். அவருக்குத் தெம்பு குடுக்கத்தான் கீழையிருந்து நெருப்புக் காட்டுகினம். தலையிலை பூமுடி வைக்கினம். காட்டு மஞ்சள் பூவைப் பிடுங்கி வாசலிலை கட்டுகினம், அது குளிர்காலம் முழுக்க வீட்டிலை வெளிச்சத்தை வைச்சிருக்குமாம்." இங்கே அவர் குரலைத் தாழ்த்தினார். "முக்கியமானது கேள். புருசனும் பெண்சாதியும் கையைப் பிடிச்சுக்கொண்டு அந்த நெருப்பைப் பாய்ஞ்சு தாண்டவேணும். கை விடுபடாமல் தாண்டினா, அடுத்த நீளப்பகல் வரைக்கும் அவை பிரியமாட்டினம்."

அவர் எதற்குப் புறப்பட்டிருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அன்றிலிருந்து பயிற்சி. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் ஊத்தை உடுப்புக் கூடையைத் தாண்டினார். என் கூரையிலிருந்து சுண்ணாம்பு விழுந்தது. நான் மேலே போய்ச் சத்தம் போட்டதும் பயிற்சி ஒழுங்கைக்கு இடம் மாறியது. என் வானின் ஸ்பெயார் டயரைக் கழற்றி நடுவில் போட்டார்.

"கையைப் பிடி தம்பி. உன்னை அக்கா எண்டு நினைக்கிறன்."

"நினைக்காதேங்கோ."

"ஒருக்கால் மட்டும்."

ஒருக்கால் என்றது ஒரு பின்னேரம் முழுவதும் போனது. எதிர்ப்பக்கத்து ஹெய்ட்டிக்காரக் குடும்பம் பல்கனியில் கதிரை போட்டு இருந்து, நாங்கள் இருவரும் கைகோத்து டயரைத் தாண்டும்போதெல்லாம் கைதட்டியது. அந்தத் தெருவில் இன்றைக்கும் யாராவது என்னை அடையாளம் கண்டால் அது இதற்காகத்தான் இருக்கும்.

அந்த வருடம் ஆனி வந்தும் அக்காவின் பேச்சு திரும்பவில்லை. வெயிலர் அவரிடம் நெருப்பைத் தாண்டுவது பற்றி மூச்சு விடவில்லை, "வேலையிடத்தாக்கள் பொங்கல் பார்க்க ஆசைப்படுகினம்" என்று மட்டும் சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தார். அக்கா பானையை மடியில் வைத்துக்கொண்டு வானின் பின்சீட்டில் யன்னலைப் பார்த்தபடி இருந்தார். ஆடிப் பயணத்துக்குச் சூட்கேஸ்கூட வாங்கியாகிவிட்டது.

கிஸ்லேனின் காணியில் ஒரு பெரிய கூட்டம். வெள்ளை உடுப்பு, தலையில் பூமுடி, ஒருவர் மேளம் வைத்திருந்தார். கிஸ்லேன் ஓடிவந்து அக்காவின் தலையில் ஒரு பூமுடியை வைத்தாள். அக்கா அதைக் கழற்றி, திருப்பித் திருப்பிப் பார்த்து, பானையின் கழுத்தில் மாட்டினார். பொங்கல் பானைக்கு இஞ்சி மஞ்சள் கட்டுவோமே, அந்த இடத்தில் அது அளவெடுத்துச் செய்ததுபோல இருந்தது. பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. மேற்கே சூரியன் காணிக்கு அப்பாலிருந்த ஆற்றுத் தண்ணீருக்கு மேல் நிற்க, பால் பொங்கி வழிந்தது. அந்தச் சனம் முழுவதும் ஆரவாரித்தது. எங்கள் ஆட்கள்கூட அப்படிச் சந்தோஷப்பட்டு நான் கண்டதில்லை.

பிறகு பெரிய நெருப்பு. அது கொஞ்சம் தணிந்ததும் முதல் சோடி கைகோத்துக்கொண்டு ஓடிவந்து, சிரித்தபடி தாண்டியது. இரண்டாவது சோடி தாண்டியது, இறப்பர் பூட்ஸோடு. வெயிலர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமி, "பூரணம், இஞ்சாரும், நாங்களும் ஒருக்கால்..." என்று தொடங்கினார்.

அக்கா எழும்பினார்.

"செருப்போடையோ நெருப்பைத் தாண்டுறது?"

நானும் வெயிலரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பங்குனிக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் முழு வசனம்.

"விளக்கைத் தாண்டினாலே வீட்டிலை அடி விழும். இது அம்மன். அம்மனை ஆரும் கடப்பினமோ? மிதிக்கிறதெண்டா மிதிக்கலாம், அதுக்கும் ஒரு முறை இருக்கு. தாண்டக்கூடாது. தம்பி, உந்தச் சனத்துக்குச் சொல்லும்."

நான் எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். எவ்வளவு விளங்கியதோ தெரியாது, ஆனால் அக்கா காத்திருக்கவில்லை. கலியாணத்துக்கு முந்தித் தன் ஊர் அம்மன் கோயிலில் வருடா வருடம் தீ மிதித்தவர் அவர். தாடிக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு, சுத்தத் தமிழில், "அந்த மண்வாரியை எடுத்து உந்தத் தணலைப் பரவும்" என்றார். அந்த மனிதர் எடுத்துப் பரவினார். கொள்ளிகளை ஒதுக்கச் சொன்னார், ஒதுக்கினார்கள். தணலை மட்டமாக்கி, முடிவில் ஒரு குழி வெட்டி, மிச்சப் பாலைத் தண்ணீரில் கலந்து ஊற்றச் சொன்னார். ஊற்றினார்கள். எல்லாரையும் கால் கழுவச் சொன்னார். கிணற்றுக் குழாயடியில் அந்தப் பழைய வழிபாட்டுச் சனம் முழுவதும் பூமுடியோடு வரிசையில் நின்று காலைக் கழுவியது. கிஸ்லேன் என் காதில், "இந்தப் பெண் பேசவே மாட்டாள் என்றல்லவா உன் நண்பர் சொன்னார்?" என்று கேட்டாள்.

வெயிலர் என் கையைப் பிடித்து இழுத்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. டயர் தாண்டப் பழகிய மனிதர், தணலில் நடக்கப் பழகவில்லை.

"தம்பி, நான் மத்தியானம் கோழிக்கறி சாப்பிட்டனான். மச்சத்தோடை மிதிக்கக்கூடாது."

அது அக்காவுக்குக் கேட்டுவிட்டது. "தெரியும். நான்தானே காய்ச்சினது. வாங்கோ."

அப்போது கிஸ்லேன் முன்னால் வந்து, கை விடுபடாமல் கடந்தால் அடுத்த நீளப்பகல்வரை பிரிய மாட்டார்கள் என்ற தங்கள் வழக்கத்தைச் சொல்லி, என்னை மொழிபெயர்க்கச் சொன்னாள். வெயிலர் தலையைக் குனிந்துகொண்டார். அவ்வளவு நாளும் மறைத்த விஷயம். நான் சொன்னேன். அக்கா கேட்டார். வெயிலரின் மடித்துக் கட்டிய சாரத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். அவருடைய கையை எட்டிப் பிடித்தார்.

அக்கா நடந்தது தண்ணி அள்ளப் போவதுபோல இருந்தது. அவசரமே இல்லை. வெயிலர் பக்கத்தில் "முருகா, முருகா" என்று துள்ளிக்கொண்டு போனார். நடுவில் ஒரு இடத்தில் அவர் பின்னுக்குத் திரும்பி ஓடப் பார்த்ததை நான் என் கண்ணால் கண்டேன். அக்கா கையை விடவில்லை. கோழி பிடிக்கிற பிடி அது. இழுத்துக்கொண்டு போய்ப் பால் குழிக்குள் நிறுத்திய பிறகுதான் திரும்பிப் பார்த்தார். வெயிலரின் காலில் ஒரு கொப்புளம், அக்காவின் காலில் ஒன்றுமில்லை. வேறு யாரையும் அவர் மிதிக்க விடவில்லை. விரதம் இருக்காதவர்கள் கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்றார். அவர்களும் வரிசையாகக் கும்பிட்டார்கள்.

திரும்பி வரும்போது வெளிச்சம் இன்னும் முழுதாகப் போகவில்லை. பாதி வழியில் பின்சீட்டிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"வாற வருசம் வேப்பிலை வேணும். ஊரிலையிருந்து காயவைச்சுக் கொண்டு வாறன். உந்தச் சனத்துக்கும் நேரத்தோடை சொல்லிவையுங்கோ, ஒரு கிழமைக்கு மச்சம் சாப்பிடக்கூடாது."

போகிறவர் வருகிற கதை கதைக்கிறார். சிவப்பு விளக்கில் நின்றபோது, பின்சீட்டில் அவருக்குப் பக்கத்தில் இருந்த வெயிலரைக் கண்ணாடியில் பார்த்தேன். நெருப்பைக் கடக்கும்வரை பிடித்தால் போதும் என்றுதான் கிஸ்லேன் சொன்னாள். அவர் அக்காவின் கையை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆடியில் அக்கா போனார். புரட்டாசியில் வந்தார். விமான நிலையத்தில் அந்தச் சூட்கேஸைத் தூக்கியவனும் நான்தான். அதற்குள் வேப்பிலை வாசம் அடித்தது.

குளிர்காலம் குளிர்காலம்தான். நோய் நெருப்பில் எரிந்துவிடவில்லை. மார்கழியில் அக்காவின் பேச்சு மறுபடி "ம்"மில் வந்து நின்றது. ஆனால் காலையில் வெளிச்சப் பெட்டியின் முன்னால் இருக்கத் தொடங்கியிருந்தார். வெயிலர் அதன் பிளாஸ்டிக் பூவை எடுத்துவிட்டு, கிஸ்லேன் காணியில் பிடுங்கிய மஞ்சள் பூவைக் காயவைத்துக் கட்டியிருந்தார்.

தை பிறந்த அன்று காலை புகை அலாரம் கத்தியது. எல்லா வீடும் கத்தியது. மறுபடியும் போர்வை, மறுபடியும் வெளிப்படி. நான் பல்லைக் கடித்துக்கொண்டு மேலே பார்த்தேன். வெயிலர் பெனியனோடு ஓடிவந்தார்.

"நானில்லை தம்பி. சத்தியமா நானில்லை. எனக்கு ஆனியிலைதான்."

அவருக்குப் பின்னால் பூரணம் அக்கா பானையைத் துவாயால் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். முகம் வாடித்தான் இருந்தது.

"சூரியன் வந்து சேரேக்கை நீங்கள் விருந்து வையுங்கோ" என்றார் வெயிலரைப் பார்த்து. "வெளிக்கிடேக்கை ஆராவது அவருக்குச் சொல்லவேணுமே, நாங்கள் இங்கை பார்த்துக்கொண்டு இருக்கிறம் எண்டு."

கீழே தீயணைப்பு வண்டி வந்து நின்றது. மீசைக்காரர் இறங்கும்போதே கையில் ஒரு கிண்ணம் வைத்திருந்தார். வெளியே மைனஸ் இருபத்தைந்து, என் காலில் அன்றைக்கும் சப்பாத்து இல்லை. நம்பினால் நம்புங்கள், எனக்குக் குளிரவில்லை.